வீரவநல்லூர் தாண்டும் வரை

என் மகள் ரஹ்மத்துக்கு,

உம்மாவின் ஸலாம். கொற்கை அகழாய்வில், அந்த வெயிலில் குழி தோண்டித் தோண்டி உன் முகம் கறுத்துப்போயிருக்கும். அதனால் முதலில் உனக்காக ஒரு துஆ, அப்புறம்தான் சண்டை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். பேச ஆரம்பித்தால் என் குரல் ஒன்று சண்டைக்குப் போகிறது, இல்லையென்றால் தழுதழுக்கிறது. இரண்டும் உனக்குப் பிடிக்காது. எழுதினால் இரண்டையும் அடக்கிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

பல்கலைக்கழகத்துக்குக் காரில் போவதா ரயிலில் போவதா என்று நீ கணக்குப் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாயே, அந்தத் தாளை நீ போன அன்று நான் பார்க்கவே இல்லை. கோபம். பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நேற்றுத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ஒரு பக்கம் பெட்ரோல், ஆயில், டயர் தேய்மானம், இன்சூரன்ஸ். மறுபக்கம் சீசன் டிக்கெட், பேட்டையில் இறங்கிப் பிடிக்கிற பஸ், ரயில் தாமதமானால் ஆட்டோ. எதையும் விடவில்லை. ரயில்தான் மலிவு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அப்படியிருந்தும் அடியில், ‘உம்மா சொல்வதுதான் முடிவு’ என்று எழுதி வைத்திருக்கிறாய். கிளம்புகிற காலையில் வாசலில் நின்று அத்தனை கத்து கத்திவிட்டு, தாளில் மட்டும் இத்தனை மரியாதை எங்கிருந்து வந்ததோ!

நீ கத்தினது இன்னும் என் காதில் இருக்கிறது. “உம்மா, ஒங்ககூட கார்ல வந்தா படிக்கப் போற மாதிரியே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு.” எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். நானும் சும்மா இருந்தேனா? “போளா, போ, ரயில்ல தொங்கிக்கிட்டே போ” என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இரண்டாம் வருஷ வகுப்பு தொடங்குவதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் உன் கணக்கில் வராத சில செலவுகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

அந்தக் கார் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் வாப்பா லீவில் வந்தபோது பழைய காராக வாங்கி, உன்னையும் என்னையும் பாபநாசம், குற்றாலம் என்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பவும் சவூதிக்கு, தம்மாம் வேலைக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துப்போகும். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். நான் தார்ப்பாயை விலக்கி உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். வாப்பா வீடியோவில் “சத்தம் நல்லா கேக்குதா? காட்டு பாப்போம்” என்பார். போனை இன்ஜின் பக்கம் காட்டுவேன். இன்ஜினைப் பார்த்துவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுவார். எனக்கு இறங்க மனம் வராது. வீட்டுக்குள் போனால் ஃபேன் சத்தம், டிவி சத்தம், அடுத்த தெரு பள்ளிவாசலின் பாங்கு. காருக்குள்ளாவது ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று தோன்றும். பெட்ரோல் வாசனையில் தலை சுற்றும் வரை உட்கார்ந்திருப்பேன்.

நீ எம்.ஏ. சேர்ந்தபோது விடுதி வேண்டாம், வீட்டிலிருந்தே போய்வருகிறேன் என்றாய். அன்று நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ரானாத் தொழுதேன், உனக்குத் தெரியாது. காலை ரயிலில் போய், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு வந்துகொண்டிருந்தாய். அந்த ஐப்பசி மழையில் எங்கோ தண்டவாளத்தில் மரம் விழுந்து, ரயில் சேரன்மகாதேவியிலேயே நின்று, உன் போனும் அணைந்துபோய், நீ யாரோ டீச்சரோடு ஆட்டோ பிடித்து நனைந்துகொண்டு வந்தாயே, அதற்குள் நான் பாதி செத்துப்போனேன். மறுநாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பணத்தைக் கட்டினேன். சொல்லிக்கொடுத்த அண்ணாச்சிக்கு முதலில் சிரிப்பு. “ஒங்க வயசுல வர்றவங்க ஸ்கூட்டிக்கே பயப்படுவாங்கம்மா” என்றார். கன்னடியன் கால்வாய் ஓரமாகக் கூட்டிப்போய், “கிளச்ச பைய விடுங்கம்மா, பைய… பைய…” என்று அவர் தொண்டை வற்றினதுதான் மிச்சம். வண்டி ஒவ்வொரு தடவையும் குதித்து நின்றது. டீக்கடையில் ஒருத்தன், “ஏலே, பாய் பொஞ்சாதி கார் ஓட்டுதாவ பாருலே, வெலகு வெலகு” என்று கத்தினான். நானும் கண்ணாடியை இறக்கி, “ஆமாலே, வெலகு” என்றேன். அன்றைக்கு எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா?

லைசென்ஸ் வந்ததும் உன்னை ரயிலிலிருந்து இறக்கிவிட்டேன். மழை என்றேன், கூட்டம் என்றேன், இருட்டிவிடுகிறது என்றேன். எல்லாம் உண்மைதான், பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மழை நின்று, பகல் நீண்டு, பங்குனி வெயில் அடித்தபோதும் நான் காரை நிறுத்தவில்லையே. உன்னை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, மறுபடி சாயங்காலம் வந்தால் பெட்ரோல் வீண் என்று, பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே அந்தப் புங்கை மரத்தடியிலேயே பகல் முழுக்க உட்கார்ந்துகொண்டேன். முருங்கைக் கீரை ஆய்ந்தேன், பூண்டு உரித்தேன், உன் பழைய சுடிதாருக்கு ஓரம் தைத்தேன். வருகிற போகிற பிள்ளைகளை வேடிக்கை பார்த்தேன். உன்னோடு படிக்கிறவள் ஒருத்தி, “ரஹ்மத்து, ஒங்க உம்மா கீரை ஆயுதாவ, போய் ஒதவி பண்ணு” என்று கேலி செய்தது என் காதிலும் விழுந்தது. நீ என் பக்கம் பார்க்காமல் போனாய். உனக்குக் கூச்சம், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காரில் நீ பேசினதே இல்லை. காதில் அந்த வெள்ளைக் குமிழைச் சொருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து வயலைப் பார்த்துக்கொண்டே வருவாய். நான் பேசிக்கொண்டே ஓட்டுவேன். வாழைத்தார் விலை, வாப்பாவின் முழங்கால் வலி, எதிர்வீட்டு மருமகளின் கோபம். “ம்” என்பாய். சில நாள் அதுவும் கிடையாது. என் மகள் வாய் திறந்து பேசாத சாது, வாப்பாவைப் போல என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.

பரீட்சை சமயத்தில் கிளச் தேய்ந்து கார் படுத்துவிட்டதே, நினைவிருக்கிறதா? பேட்டை ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு நான் பஸ்ஸில் வீடு வந்தேன். நீ மறுநாள் பரீட்சை என்று தோழியின் அறையிலேயே தங்கிவிட்டாய். விடிந்ததும் வண்டியை எடுக்க நான் நம் ஊரிலிருந்து காலை ரயிலில் போனேன். இதுவரை இதை உன்னிடம் சொன்னதில்லை. கையில் உனக்காகத் தேங்காய்ச் சோறும் கத்திரிக்காய்ப் பச்சடியும் இருந்தன. பரீட்சை முடிந்து பசியோடு வருவாயே என்று கொஞ்சம் கூடுதலாகவே கட்டியிருந்தேன். பெண்கள் நிறைந்திருந்த பெட்டியாகப் பார்த்து ஏறினேன். ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது, மேலே ஒரு பூப்போட்ட கைக்குட்டை கிடந்தது. அதை நகர்த்திவிட்டு உட்காரப் போனேன். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று கையை நீட்டி மறித்தாள். “ஒக்காராதீங்கம்மா. அது எங்க ரஹ்மத்து எடம்.”

ஊரில் எத்தனையோ ரஹ்மத் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றேன். வண்டி நகர்ந்து, நம் வீரவநல்லூர் பிளாட்பாரம் பின்னால் போனதும் எதிரே இருந்த டீச்சர், “இன்னைக்கும் வரல. இனி ஒக்காருங்கம்மா” என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ள வேண்டாம், வீரவநல்லூர் தாண்டும் வரை அந்த இடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை, அது எங்கள் பெட்டி வழக்கம் என்றார். மறித்தவள் பேச்சியம்மாள், தாலுகா ஆபீசில் வேலை. டீச்சர் எஸ்தர், மழை நாளில் உன்னை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டவரே அவர்தான் என்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. உன்னை வாசலில் கண்ட சந்தோஷத்தில் அன்று ஆட்டோவுக்குள் யார் இருக்கிறார்கள் என்றுகூட நான் எட்டிப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் உன் இடத்தில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

“யாரு அந்தப் பிள்ளை?” என்று தெரியாததுபோலக் கேட்டேன். போதும், இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆரம்பித்துவிட்டார்கள். நீ ஏறினால் பெட்டியே கலகலத்துப்போகுமாம். டிக்கெட் பரிசோதகர் மாதிரி நடப்பாயாம், பூ விற்கிறவள் மாதிரி கூவுவாயாம். மதியத்துக்குக் கட்டின சோற்றை வண்டியிலேயே திறந்து எல்லாருக்கும் ஒரு கை கொடுத்துவிடுவாயாம். நீ ரயிலில் போன காலத்தில் சாயங்காலம் பசியோடு வந்து நிற்பாய், “மதியம் என்னத்தத் தின்ன?” என்று நான் திட்டுவேன், நீ பதில் சொல்லாமல் தட்டைப் போடுவாய். அதன் காரணம் இப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும்விட எதற்கு அதிகமாகச் சிரிப்பார்கள் தெரியுமா? நீ உன் உம்மா கார் ஓட்டுகிற மாதிரி நடித்துக் காட்டுவதற்கு. இடையில் வண்டி ஓடாத நாளில் எப்போதாவது நீ ரயிலில் வந்து செய்து காட்டியிருக்கிறாய். “ரயில்வே கேட்டு அடைச்சுக் கெடந்தா அவ உம்மா கண்ண மூடி ஓதுவாவளாம். கேட்டு தொறந்ததும் வண்டி ஆஃப் ஆயிருமாம். பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சா, ‘பொறுலே, ஒன் வீட்டுலயா தீப்பிடிச்சிருக்கு’ம்பாவளாம்.” பேச்சியம்மாள் சொல்லி முடிப்பதற்குள் அந்த வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. ரோஷமும் வந்தது, பெருமையும் வந்தது.

“இப்பம் ஏன் வர்றதில்ல?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அவளுக்கு ரயில்தான் இஷ்டம்மா. ஆனா ஒரு நாள் எங்ககிட்ட சொன்னா. ‘அக்கா, எங்க உம்மா என்னைக் கொண்டுவிடுததா நெனைச்சுக்கிட்டு இருக்காவ. நாந்தான் அவங்கள டெய்லி வெளிய கூட்டிட்டுப் போறேன். வீட்டுல விட்டுட்டு வந்தா செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பாவ’ன்னா. பாவம், சின்னப் பிள்ளை. அவளுக்கும்லா கஷ்டமா இருக்கும்?”

நான் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டேன். வயலில் நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் காற்று என்று சொல்லிக்கொள்ள வசதியான இடம் அது. சும்மா இருக்க முடியாமல் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, “கொஞ்சம் எடுத்துக்கிடுங்க” என்று நீட்டினேன். வேறென்ன செய்ய, எனக்குத் தெரிந்தது அதுதானே. எஸ்தர் டீச்சர் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். பச்சடியைத் தொட்டு இன்னொரு வாய். அப்புறம் என் முகத்தையே பார்த்தார். “ஏளா பேச்சி, இது ரஹ்மத்து வீட்டுச் சோறுல்லா?” பேச்சியம்மாள் முகம் வெளிறிப்போய்விட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “யம்மா, தப்பா எடுத்துக்கிடாதீங்க, நான் ஒரு வாயாடி” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். “நீ என்ன இல்லாததையா சொல்லிட்ட” என்றேன். பேட்டை வரும்வரை அவள் என் கையை விடவில்லை. மழை ராத்திரி என் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டதற்கு எஸ்தர் டீச்சரிடம் அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

ரஹ்மத், உன் தாளில் இல்லாத செலவு இதுதான். கார் என் தனிமையைத் தீர்த்தது. அதை உன் தலையில் இறக்கி வைத்தது. அங்கே ஒரு பெட்டி நிறைய ஆட்கள் உனக்கு இடம் போட்டுக் காத்திருக்க, நீ என் பக்கத்தில் காதை அடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி வந்தாய். ஒருநாள்கூட முகம் கோணவில்லை. வாசலில் நின்று கத்தினபோதுகூட, அத்தனை கோபத்திலும், ‘நான்தான் உங்களை வெளியே கூட்டிப் போகிறேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையை என் மேல் வீசவில்லை. அது உன் நாக்கு நுனி வரை வந்திருக்கும். விழுங்கிவிட்டாய். நீ போன பிறகு அதை நினைத்துத்தான் அதிகமாக அழுதேன். எனக்கு முன்பே தெரியும் என்று அன்று வாசலிலேயே நான் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கும் ரோஷம்.

ஒரு புத்தி சொல்கிறேன், உம்மா என்றால் சொல்லாமல் இருக்க முடியுமா? நாளைக்கு நிக்காஹ் ஆகி நீ ஒரு வீட்டுக்குப் போவாய். அங்கேயும் யாராவது ஒருவர் தனியாக இருப்பார். அவர்மேல் இரக்கப்படு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்காகவும் உன் இடத்தை விட்டு மூச்சுக் காட்டாமல் எழுந்து வந்துவிடாதே. வரத்தான் வேண்டும் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வா. நீ சொல்லாமல் பொறுத்துக்கொண்டால் எதிரே இருப்பவருக்குத் தான் எடுத்துக்கொண்டது என்ன என்றே தெரியாமல் போகிறது. நான் உன்னிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டேன் என்பதை ரயிலில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இது என்னைச் சுடுகிறது.

நானும் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், வாப்பாவிடம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் பண்ணினார், “ஏன் கொரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றார். எப்போதும்போலச் சளி என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. “எனக்கு இந்த வீட்டுல தனியா இருக்க முடியல” என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைச் சொன்னதில்லை. அங்கே பின்னால் யாரோ அரபியில் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “எனக்கும்தான்” என்றார். அவ்வளவுதான் பேசினோம். வரேன் என்று அவர் சொல்லவில்லை, வாங்க என்று நானும் கேட்கவில்லை. ஆனால் இப்போது போன் பண்ணினால் இன்ஜினைக் காட்டச் சொல்வதில்லை. என்னைக் காட்டச் சொல்கிறார்.

நேற்றுக் காலை காரை எடுத்தேன். கூட்டிப்போக யாரும் இல்லாமல் நான் வண்டி எடுத்தது அதுதான் முதல் தடவை. தெருமுனையில் வலதா இடதா என்று தெரியவில்லை. பக்கத்தில் உன் சீட் பெல்ட் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. போக இடம் இல்லாமல் கல்லிடைக்குறிச்சிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய், ரயில்வே கேட் அடைத்துக் கிடக்க நின்றுவிட்டேன். வேறு வண்டி எதுவும் இல்லை. உன் ரயில்தான் வந்தது. நம் ஊர் ஸ்டேஷன் நெருங்குவதால் மெதுவாகத்தான் போனது. உங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டே இருந்தேன், கண்டுபிடித்துவிட்டேன். எஸ்தர் டீச்சரின் வெள்ளைச் சேலை, பேச்சியம்மாளின் தலை நிறையப் பிச்சிப்பூ. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. நீ கொற்கையில் இருக்கிறாய் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆகவே ரயிலில் போ. இதுதான் என் முடிவு. ஸ்டேஷன் வரைகூட நான் கொண்டுவிடமாட்டேன், நடந்தே போய்க்கொள். காரை விற்க வேண்டாம், நான் ஓட்டுவேன். எங்கே என்று இப்போது கேட்காதே. நீ போன பிறகு பகல் நீளமாகத்தான் இருக்கும், வீட்டில் சத்தம் இருக்காது, எனக்குப் பயமாகத்தான் இருக்கும். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்றப்போவதில்லை. அது என் செலவு, உன் தாளில் அதை எழுதாதே. தேங்காய்ச் சோறு நாலு பேருக்குக் கட்டித் தருகிறேன், உனக்கும் ஒரு வாய் மிச்சம் வை.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிவிட்டு, நடு வீட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உன் உம்மா கேட் முன்னால் கார் ஓட்டுகிறதைச் செய்து காட்டு. கண்ணை மூடி ஓதுகிறதிலிருந்து லாரிக்காரனைத் திட்டுகிற வரை, ஒன்றையும் விடாமல். அந்தப் பெட்டியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ரஹ்மத். நான் மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை.

உன்
உம்மா